ரெண்டர் பாஸ்களைக் கூட்டினால் படம் ஏன் வெளுக்கிறது?

கடலூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். தேவனாம்பட்டினம் கடற்கரையில் விடியற்காலையில் கரையேற்றி வைத்திருக்கும் ஒரு ஃபைபர் படகை பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்திருக்கிறார். அதன் ரெண்டர் எஞ்சினான சைக்கிள்ஸில் ரெண்டர் போட்டு, டிஃப்யூஸ் (மேற்பரப்பில் பரவும் வெளிச்சம்), கிளாசி (பளபளப்பு), எமிஷன் (பொருளே உமிழும் வெளிச்சம்) என்று பட்டியலில் கண்ட பாஸ், அதாவது படத்தின் தனித்தனிப் பங்கு, அத்தனையையும் பிஎன்ஜியாக எடுத்து, படங்களை லேயராகச் சேர்க்கும் ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறார். லேயர்களைச் சேர்க்கும் பிளெண்ட் மோடில் ‘ஆட்’ வைத்தால் படம் வெளுத்துப்போகிறது. ‘ஸ்கிரீன்’ வைத்தால் சுமாராக இருக்கிறது, ஆனால் பிளெண்டரில் பார்த்த படம் மாதிரி வரவில்லை. படகை மட்டும் தனியாக எடுத்து வேறொரு வானத்தின் மேல் வைத்தால் ஓரமெல்லாம் கறுப்புக் கோடு. பயிற்சி மையத்தில் இருபது பாஸ் எடுக்கச் சொல்கிறார்கள். வேலையில் இருக்கும் நண்பர் “அதெல்லாம் வேண்டாம், பியூட்டியை கிரேட் பண்ணினால் போதும்” என்கிறார், அதாவது எல்லாம் சேர்ந்த முழுப் படத்தில் நிறத்தையும் வெளிச்சத்தையும் திருத்தினாலே போதும் என்கிறார். யார் சொல்வது சரி என்பது அவர் கேள்வி.

இதில் எந்த பிளெண்ட் மோட் என்பது சின்ன விஷயம். ஒரு படத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கையில் கொடுத்துவிட்டால், அதில் எதை மாற்றினால் படம் நம்பும்படி இருக்கும், எதை மாற்றினால் கெட்டுப்போகும் என்பதுதான் அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது என்று எடுத்துக்கொள்கிறேன். நான் புதுச்சேரியில் இருந்துகொண்டு சென்னை ஸ்டூடியோக்களுக்கும் இங்குள்ள ஆர்க்கிடெக்டுகளுக்கும் லைட்டிங்கும் காம்போசிட்டிங்கும் (துண்டுகளைச் சேர்த்து ஒரே படமாக்குவது) பல வருடமாகச் செய்து வருகிறேன். உங்கள் ஃபைலை நான் பார்க்கவில்லை. அதனால் எதை அடித்துச் சொல்ல முடியும், எது என் ஊகம் என்பதை அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

முதலில் அடித்துச் சொல்லக்கூடியது. வெளுப்புக்கு முக்கியக் காரணம் பிஎன்ஜி. ரெண்டர் எஞ்சின் உள்ளே கணக்கிடுவது வெளிச்சத்தின் நேர் அளவு. ஒரு புள்ளியில் சூரியனால் இவ்வளவு, வானத்தால் இவ்வளவு என்று அது கூட்டிக்கொண்டே போகிறது. பிஎன்ஜியாகச் சேமிக்கும்போது அந்த எண்கள் அப்படியே போவதில்லை. திரையில் பார்ப்பதற்கு ஏற்றபடி ஒரு வளைவில் போட்டு ஏற்றித்தான் எழுதப்படுகின்றன. கணக்கு எளிதாக இருக்க, பிளெண்டரின் வியூ, அதாவது திரைக்கு மாற்றும் வளைவு, ‘ஸ்டாண்டர்ட்’ என்று வைத்துக்கொள்வோம். டிஃப்யூஸில் ஒரு புள்ளியின் மதிப்பு 0.2, கிளாசியில் அதே புள்ளி 0.2. கூட்டினால் 0.4, அதைத் திரைக்கு மாற்றினால் 255-க்கு 170. இப்போது பிஎன்ஜி வழியைப் பாருங்கள். 0.2 என்பது பிஎன்ஜியில் ஏற்கெனவே 124 ஆகிவிட்டது. இரண்டு 124-ஐக் கூட்டினால் 248. 170 வரவேண்டிய இடத்தில் கிட்டத்தட்ட முழு வெள்ளை வந்து உட்காருகிறது. இத்தனைக்கும் இது இரண்டே பாஸ். பிளெண்டர் 4.0-லிருந்து இயல்பாக வரும் ஏஜிஎக்ஸ் வியூவோடு சேமித்திருந்தால் வளைவு இன்னும் சிக்கலானது. அந்த எண்களைக் கூட்டுவதற்கு அர்த்தமே கிடையாது.

‘ஸ்கிரீன்’ சுமாராகத் தெரிந்ததற்கும் காரணம் உண்டு. ஸ்கிரீன் என்பது இரண்டையும் கூட்டி, இரண்டின் பெருக்கலைக் கழிப்பது. அதனால் 1-க்கு மேல் போகாமல் அமுங்கி நிற்கிறது, கண்ணுக்கு உறுத்தவில்லை. ஆனால் நேர் அளவில் வேலை செய்யும்போது 0.5-ம் 0.4-ம் சேர்ந்து 0.9 ஆக வேண்டும், ஸ்கிரீன் 0.7 தரும். தண்ணீரில் சூரியன் பட்டுத் தெறிக்கும் புள்ளியின் மதிப்பு 2 என்றால் இன்னும் மோசம்: அதன் மேல் 0.5-ஐச் சேர்த்தால் 2.5 ஆவதற்குப் பதில் 1.5-க்கு இறங்கிவிடும். வெளிச்சம் சேரச் சேர இருட்டாகிற ஒரு கணக்கை வைத்துக்கொண்டு வெளிச்ச பாஸ்களைச் சேர்க்க முடியாது.

ஆகவே பிஎன்ஜிக்குப் பதில் ஈஎக்ஸ்ஆர். ஐஎல்எம் என்ற விஷுவல் எஃபெக்ட்ஸ் நிறுவனம் தன் சொந்தத் தேவைக்காக உருவாக்கி, 2003-ல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்ட ஃபார்மட் அது. 16 பிட் ஹாஃப் ஃப்ளோட்டில் எழுதினாலே 65,504 வரை மதிப்பைத் தாங்கும். பிஎன்ஜியில் 1-ல் வெட்டுப்படும் அந்தத் தண்ணீர்ப் பளபளப்பு, ஈஎக்ஸ்ஆரில் தன் முழு பலத்தோடு இருக்கும். அப்புறம் அதன் மேல் குளோ போட்டாலும் மோஷன் பிளர் போட்டாலும் உயிரோடு இருக்கும். பிளெண்டரில் ‘ஓப்பன்ஈஎக்ஸ்ஆர் மல்டிலேயர்’ என்று கொடுத்தால் எல்லா பாஸும் ஒரே ஃபைலில் வந்துவிடும். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் ‘எக்ஸ்ட்ராக்டர்’ என்ற எஃபெக்டால் ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொள்ளலாம். புராஜெக்டை 32 பிட்டுக்கு மாற்றி, ஒர்க்கிங் ஸ்பேஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ‘லீனியரைஸ்’ என்ற டிக்கையும் போட மறக்காதீர்கள். அது இல்லாவிட்டால் ஈஎக்ஸ்ஆர் கொடுத்தும் பலன் இல்லை.

இரண்டாவது காரணம் என் ஊகம், ஆனால் பலமான ஊகம். “கண்ட பாஸ் அத்தனையும்” என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் டிஃப்யூஸ் கலரையும் கிளாசி கலரையும் சேர்த்து ‘ஆட்’ போட்டிருப்பீர்கள். சைக்கிள்ஸில் கலர் பாஸ் வெளிச்சம் கிடையாது. அந்தப் பொருளின் சொந்த நிறம், அவ்வளவுதான். அதைக் கூட்டக்கூடாது, பெருக்க வேண்டும். டிஃப்யூஸ் டைரக்டையும் (விளக்கிலிருந்து நேராக வந்த வெளிச்சம்) டிஃப்யூஸ் இன்டைரக்டையும் (வேறு பொருளில் பட்டுத் துள்ளி வந்தது) கூட்டி, வந்ததை டிஃப்யூஸ் கலரால் பெருக்குங்கள். கிளாசிக்கும் டிரான்ஸ்மிஷனுக்கும் (கண்ணாடி போன்றவற்றில் ஊடுருவும் வெளிச்சம்) இதே மாதிரி. இந்த மூன்று விடைகளையும், எமிஷனையும், பின்னணியான என்விரான்மென்டையும், புகை பனி ஏதாவது வைத்திருந்தால் வால்யூமையும் கூட்டினால் பியூட்டி வந்துவிடும். ஆர்னால்ட் மாதிரி வேறு எஞ்சினில் நிறம் ஏற்கெனவே பெருக்கப்பட்டே வரும், அங்கே கூட்டினால் மட்டும் போதும். யூடியூபில் ஆர்னால்டுக்குச் சொன்ன பாடத்தை சைக்கிள்ஸுக்குப் போட்டுப் பார்த்துக் குழம்புகிறவர்கள் நிறைய.

சரியாகக் கூட்டினோமா என்று கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கூட்டி வந்த படத்தின் மேல் அசல் பியூட்டியை வைத்து ‘டிஃபரன்ஸ்’ மோட் போடுங்கள். முழுக்கக் கறுப்பாகத் தெரியும். அதோடு விட்டுவிடாமல் எக்ஸ்போஷரை நூறு மடங்கு ஏற்றுங்கள். பொடிப் பொடியாக மணல் தூவினாற்போல் ஏதோ தெரிந்தால் பரவாயில்லை. ஹாஃப் ஃப்ளோட்டில் மூன்று இலக்கத்துக்கு மேல் துல்லியம் கிடையாது, அதனால் வரும் சில்லறை வித்தியாசம் அது. படகின் விளிம்போ, தண்ணீரின் பளபளப்போ, விளக்கின் வட்டமோ உருவமாகத் தெரிந்தால் ஒரு பாஸ் விட்டுப்போயிருக்கிறது, அல்லது இரண்டு தடவை சேர்ந்திருக்கிறது. எந்தப் பொருள் தெரிகிறதோ அதுவே எந்த பாஸ் என்று காட்டிக்கொடுத்துவிடும். இந்தச் சோதனையில் ஒரு விதிவிலக்கு உண்டு. பிளெண்டரில் டீநாய்ஸ் (நாய்ஸ் என்னும் பொடிப் புள்ளிகளை நீக்கும் வசதி) ஆன் செய்திருந்தால் அது பியூட்டியை மட்டும் சுத்தம் செய்யும். டிஃப்யூஸ், கிளாசி பாஸ்கள் நாய்ஸோடுதான் வரும். அப்போது டிஃபரன்ஸில் படம் முழுக்க நாய்ஸ் தெரியும், அது உங்கள் தவறு இல்லை. டீநாய்ஸை அணைத்து ஒரே ஒரு ஃபிரேம் ரெண்டர் போட்டுச் சோதித்துவிட்டு, மறுபடி ஆன் செய்துகொள்ளுங்கள். இந்தச் சோதனையில் தேறாத பாஸ்களை வைத்து நான் எந்த ஷாட்டையும் தொடங்க மாட்டேன்.

கறுப்புக் கோட்டுக்கு வருகிறேன். இதை ஃபைல் பார்க்காமல் முழுக்க உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பெரும்பாலும் ஆல்ஃபா (ஒரு பிக்சலைப் பொருள் எவ்வளவு மூடுகிறது என்ற அளவு) இரண்டு தடவை பெருக்கப்பட்டிருக்கும். படகின் ஓரத்தில் ஒரு பிக்சலை எடுத்துக்கொள்ளுங்கள். பாதி படகு, பாதி வானம், ஆல்ஃபா 0.5. படகின் வெளிச்சம் 0.8, பின்னால் வைக்கப்போகும் வானம் 0.6. படகின் பங்கு 0.4, வானத்தின் பங்கு 0.3, ஆக 0.7 வரவேண்டும். ஈஎக்ஸ்ஆரில் அந்தப் பிக்சல் ஏற்கெனவே 0.4 என்று பெருக்கித்தான் எழுதப்பட்டிருக்கும். அதை ‘ஸ்ட்ரெய்ட்’, அதாவது பெருக்காதது, என்று மென்பொருள் எடுத்துக்கொண்டால் மறுபடி பாதியாக்கி 0.2 ஆக்கும், வானத்தோடு சேர்த்தால் 0.5. படகு 0.8, வானம் 0.6, நடுவில் இரண்டையும்விட இருட்டாக 0.5. அந்தக் கோடு இதுதான். ஃபுட்டேஜின் இன்டர்பிரெட் பகுதியில் ‘பிரிமல்டிபிளைடு’, கறுப்பு என்று மாற்றினால் போய்விடும். பிஎன்ஜியில் பிளெண்டர் பெருக்காமல் எழுதும், ஆகவே அங்கே ‘ஸ்ட்ரெய்ட்’தான் சரி, இரண்டையும் கலந்து பயன்படுத்தியிருந்தால் ஒன்று மாறியிருக்க வாய்ப்பு அதிகம். இந்தப் பெருக்கல் முறையைப் போர்ட்டரும் டஃபும் 1984-லேயே கட்டுரையாக எழுதிவிட்டார்கள். இன்றைக்கும் பெரும்பாலான மென்பொருளில் அதுதான் ஓடுகிறது. இன்னொன்று: பெருக்கிய படத்தின் மேல் நேரடியாக காமா, கான்ட்ராஸ்ட் போட்டாலும் ஓரம் கெடும். முதலில் ஆல்ஃபாவால் வகுத்து, கிரேட் செய்து, மறுபடி பெருக்க வேண்டும்.

இனி நான் முக்கியமாக நினைக்கும் விஷயம். உங்கள் படகு ஷாட்டுக்கு டிஃப்யூஸ், கிளாசி என்று பொருளின் தன்மையைப் பிரிப்பதைவிட விளக்கு வாரியாகப் பிரிப்பது பல மடங்கு பயன்படும். பிளெண்டரில் 3.2-லிருந்து லைட் குரூப் வசதி இருக்கிறது. சூரியன் ஒரு குரூப், வானம் ஒரு குரூப், படகில் தொங்கும் எல்இடி விளக்கு ஒரு குரூப். மூன்றையும் கூட்டினால் பியூட்டி. எந்த விளக்கையும் குரூப் இல்லாமல் விடாதீர்கள், விட்டால் அது கூட்டலில் சேராது. வானத்தைத் தரும் வேர்ல்டு அமைப்புக்கும் குரூப் கொடுக்க வேண்டும். இதில் என்ன விசேஷம் என்றால், வெளிச்சம் கூட்டலுக்குக் கட்டுப்பட்டது. ஒரு விளக்கை இரட்டிப்பாக்கினால், அது சுவரில் பட்டு, மணலில் பட்டு, நாலு முறை துள்ளி வந்த வெளிச்சமும் இரட்டிப்பாகும். மற்ற விளக்குகளின் பங்கு மாறாது. ஆகவே சூரியனை 0 ஆக்கி, வானத்தை 0.3-ஆல் பெருக்கிக் கொஞ்சம் நீலம் ஏற்றி, எல்இடியை 4-ஆல் பெருக்கினால், விடிவதற்கு முன்பான கடற்கரை வந்துவிடும். மறுபடி ரெண்டர் போட்டிருந்தால் என்ன வந்திருக்குமோ அதுவேதான் இது. உத்தி, கண்கட்டு எதுவும் இல்லை, கணக்குப்படி சரியான விடை. அதனால்தான் நான் விளக்குகளை முடிந்தவரை வெள்ளையாகவே வைத்து ரெண்டர் போட்டு, நிறத்தைக் காம்போசிட்டிங்கில் ஏற்றுகிறேன். சிவப்பு மட்டும் உள்ள விளக்கில் நீலச் சேனல் 0. அதை எத்தனையால் பெருக்கினாலும் நீலம் வராது.

இதற்கும் எல்லை உண்டு. 4-ஆல் பெருக்கிய எல்இடியின் நாய்ஸும் 4 மடங்காகும். சைக்கிள்ஸில் இன்டைரக்ட் கிளாம்ப் இயல்பாக 10 என்று இருக்கும். அதற்கு மேற்பட்ட வெளிச்சத்தை அது வெட்டிவிடுவதால், பளிச்சென்ற இடங்களில் கணக்கு இம்மி பிசகும். டீநாய்ஸ் செய்த படத்திலும் அப்படித்தான். கண்ணுக்குத் தெரிகிற அளவா என்றால், என் அனுபவத்தில் பெரும்பாலும் இல்லை. எல்லாவற்றையும்விடப் பெரிய எல்லை, திசை. லைட் குரூப்பால் விளக்கின் பலத்தையும் நிறத்தையும் மாற்றலாம், இடத்தை மாற்ற முடியாது. உங்கள் ஷாட்டைப் பார்த்துவிட்டு யாராவது “இதையே சாயங்காலம் ஆக்கிக் கொடுங்கள்” என்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். சூரிய குரூப்பில் ஆரஞ்சு ஏற்றிக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் நம் கரையில் சூரியன் கடலிலிருந்து எழுந்து ஊர்ப்பக்கம் இறங்குகிறது. காலையில் படகின் கடல் பக்கம் வெளிச்சம், நிழல் ஊரைப் பார்த்து விழும். சாயங்காலம் எல்லாம் தலைகீழ். ஆரஞ்சு நிறத்தில் ஊரைப் பார்த்து விழும் நிழலை மும்பைக்காரர் ஏற்றுக்கொள்ளலாம், அவர்கள் கடலில் சூரியன் இறங்குவதைப் பார்ப்பவர்கள். தேவனாம்பட்டினத்தில் வலை உலர்த்துகிறவருக்கு இது நம் கடற்கரை இல்லை என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். அதற்கு மறுபடி ரெண்டர்தான் வழி.

பொருளின் நிறத்தை மாற்றுவது இதைவிடச் சிக்கல். புதுச்சேரி ஒயிட் டவுனில் மஞ்சள் சுவரும் வெள்ளைப் பட்டையுமாக இருக்கும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படி ஒரு பழைய வீட்டை விடுதியாக மாற்றும் திட்டத்துக்குப் படம் செய்தபோது, முற்றத்துச் சுவரை மஞ்சளிலிருந்து சாம்பலுக்கு மாற்றிக் காட்டச் சொன்னார்கள். டிஃப்யூஸ் கலர் பாஸ் கையில் இருக்கிறது, பொருள்களை அடையாளம் பிரிக்கும் கிரிப்டோமேட் பாஸால் சுவரைத் தனியாகப் பிடித்துவிடலாம். சுவர் மட்டும் பார்த்தால் அருமையாக மாறும். ஆனால் பக்கத்து வெள்ளைத் தூணின் உள்பக்கம் மஞ்சளாகவே நிற்கும், தரையில் சுவரோரம் ஒரு முழ அகலத்துக்கு இளமஞ்சள் படர்ந்திருக்கும். வெயில் சுவரில் பட்டு அந்த நிறத்தை எடுத்துக்கொண்டுதான் தூணுக்குப் போயிருக்கிறது. அது தூணின் இன்டைரக்ட் பாஸுக்குள் கலந்துவிட்டது, அதைத் தனியே உருவி எடுக்க எந்த பாஸும் கிடையாது. சின்ன நிற மாற்றம் என்றால் தப்பித்துக்கொள்ளலாம். மஞ்சளை அடர்மஞ்சள் ஆக்குவதற்கு நான் ரெண்டருக்குத் திரும்ப மாட்டேன். மஞ்சளைச் சாம்பல் ஆக்குவதற்குத் திரும்பிப் போவேன்.

ஆம்பியன்ட் அக்லூஷன் (ஏஓ) பாஸைப் பற்றிப் பயிற்சி மையங்களில் இன்னும் பெரிதாகச் சொல்கிறார்கள். வெளிச்சம் துள்ளுவதைக் கணக்கிட முடியாத காலத்தில், மூலை முடுக்குகளில் இருட்டைப் போலியாக வரவழைக்க அது தேவைப்பட்டது. சைக்கிள்ஸ் மூலையின் இருட்டை ஏற்கெனவே சரியாகக் கணக்கிட்டுத் தருகிறது. அதன் மேல் ஏஓ-வைப் பெருக்கினால் ஒரே இருட்டு இரண்டு முறை விழும். படகுக்கு அடியில் மணல் கரி பூசினாற்போல் ஆகும். அழகுக்காக ஒருவர் போட விரும்பினால் அது ரசனை, தடுக்க மாட்டேன். உண்மைக்காகப் போடுகிறேன் என்றால் வேண்டாம்.

தூரத்தைப் பதிவு செய்யும் டெப்த் (இசட்) பாஸை வைத்து பின்னணியை மங்கலாக்குவது பற்றிச் சுருக்கமாக. சைக்கிள்ஸின் இசட் பாஸ் ஒரு பிக்சலுக்கு ஒரே சாம்பிள்தான் எடுக்கும், அதனால் ஓரங்கள் படிக்கட்டாக இருக்கும். கடல் மேல் காலைப் பனிமூட்டம் போடுவதற்கு மிஸ்ட் பாஸ் எடுங்கள், அதில் ஓரம் மழமழவென்று வரும். முன்னால் பெரிதாகத் தெரியும் படகின் ஓரத்தில் ஃபோக்கஸ் மாற வேண்டுமென்றால் கேமராவிலேயே டெப்த் ஆஃப் ஃபீல்டு வைத்து ரெண்டர் போடுவதுதான் நல்லது. மங்கலான ஓரத்துக்குப் பின்னால் என்ன இருந்தது என்பது சாதாரண பாஸில் பதிவாவதே இல்லை. கிரிப்டோமேட் எடுப்பதாக இருந்தால் 32 பிட் முழு ஃப்ளோட்டில், தரம் குறைக்காத கம்ப்ரெஷனில் எடுங்கள். அதில் இருப்பது நிறம் கிடையாது, ஒவ்வொரு பொருளின் அடையாள எண். ஒரு பிட் பிசகினாலும் அது வேறு பொருளாகிவிடும்.

இப்போது உங்கள் மையமும் நண்பரும். இருபது பாஸ் என்பதன் விலையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1920-க்கு 1080 அளவில், மூன்று சேனல் ஹாஃப் ஃப்ளோட் பாஸ் ஒன்று, கம்ப்ரெஸ் செய்யாமல், சுமார் 12.4 எம்பி. இருபது பாஸ் என்றால் ஃபிரேமுக்கு 250 எம்பி, பத்து விநாடி ஷாட்டுக்கு 240 ஃபிரேம், மொத்தம் 60 ஜிபி. கம்ப்ரெஷனில் நன்றாகவே குறையும், இருந்தாலும் வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒவ்வொரு ஃபிரேமையும் திறக்க எடுக்கும் நேரம் உங்களைச் சோர்வாக்கும். இன்றைய எஞ்சின்களில் எல்லா பாஸும் ஒரே ரெண்டரில் வந்துவிடுவதால் எடுப்பதற்குக் கூடுதல் நேரம் அதிகமில்லை என்பது உண்மை. சுமப்பதற்குத்தான் செலவு. நண்பர் சொல்வதில் நியாயம் இருக்கிறது: பியூட்டியும் கிரிப்டோமேட்டும் மட்டும் வைத்து முடிகிற ஷாட்கள் நிறைய, விளம்பர வேலைகளில் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் விளக்கைக் கூட்டிக் குறைக்கச் சொல்லி மூன்றாவது முறையும் திருத்தம் வந்தால் அவர் மூன்றாவது முறையும் ரெண்டர் போட வேண்டும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த ஷாட்டுக்குப் பியூட்டி, மூன்று லைட் குரூப், மிஸ்ட், கிரிப்டோமேட், இவ்வளவுதான் எடுப்பேன். பளபளப்பு மட்டும் தனியாக வேண்டுமென்று தோன்றினால் கிளாசி மூன்றையும் சேர்த்துக்கொள்வேன். வீடியோவாக எடுக்காமல் ஃபிரேம் ஃபிரேமாக எடுங்கள். ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் எப்போது கரன்ட் போகும் என்று சொல்ல முடியாது, போனாலும் நின்ற ஃபிரேமிலிருந்து தொடரலாம். ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் இந்தக் கூட்டல் பெருக்கலை லேயர் லேயராகச் செய்வது கண்ணைக் கட்டும். ஒவ்வொரு கணக்கையும் ஒரு பெட்டியாக வைத்துக் கோடு போட்டு இணைக்கும் நோடில் செய்து பழகுங்கள். பிளெண்டருக்குள்ளேயே காம்போசிட்டர் இருக்கிறது, டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில் ஃபியூஷன் இருக்கிறது, காம்போசிட்டிங் மென்பொருளான நியூக்கின் நான்-கமர்ஷியல் பதிப்பு எச்டி அளவு வரை இலவசம். முதலில் ஒரு ஃபிரேமைக் கூட்டி, டிஃபரன்ஸ் போட்டுப் பாருங்கள். கறுப்புக் கோடு அதற்குப் பிறகும் இருந்தால் அந்த ஒரு ஈஎக்ஸ்ஆரையும், ஃபுட்டேஜின் ஆல்ஃபா செட்டிங் தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.